சாம்பாரில் கலந்த பொடி

பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து ஊர்களில் காறித் துப்பத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் எச்சில் செலவில்லாமல், மூக்கை மட்டும் ஒரு பக்கமாகச் சுருக்கி, எதிரே நிற்கிறவன் மூஞ்சியில் துப்பத் தெரிந்தவள் தையலம்மாள் ஒருத்திதான். கரும்பு வெட்டுக்கு ஆள் பிடித்துத் தரும் மேஸ்திரி அதை வாங்கியிருக்கிறான். ஓட்டுக் கேட்டு வந்து கும்பிட்டவர்கள் கட்சி பேதமில்லாமல் வாங்கியிருக்கிறார்கள். திருவிழா வசூலுக்கு வரும் இளவட்டங்கள் ரசீதை நீட்டும்போதே தலையைக் குனிந்துகொள்வார்கள், அந்த மூக்கைப் பார்க்க வேண்டாமே என்று. அவளிடம் இருந்தது ஒரே அளவுகோல். குடிக்கிறவனா, குடிக்காதவனா? குடிக்கிறவன் என்றால், அவன் கலெக்டராகவே இருக்கட்டும், அவளுக்கு நாய்க்கு ஒரு படி கீழேதான்.

இப்படி ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டு வாழ இதைவிட மோசமான ஊர் கிடைக்காது. மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் சரக்கு விலை அதிகம், இந்தப் பக்கம் குறைவு என்று கடலூர்க்காரனெல்லாம் பைக்கில் வந்து இறங்கிக் குடித்துவிட்டுப் போகிற பூமி இது. டீக்கடையைத் தேடித்தான் போக வேண்டும். மற்றது தேடாமலே காலில் இடறும். காதுகுத்தா, பந்தலுக்குப் பின்னால் பாட்டில். கருமாதியா, பந்தலுக்கு முன்னாலேயே பாட்டில். ஆம்பளைகளில் பாதிப் பேர் சாயங்காலமானால் தள்ளாடுவார்கள். மீதிப் பேர் சாயங்காலம் வரைக்கும் காத்திருக்க மாட்டார்கள்.

தையலம்மாளுக்கு இந்த வெறுப்பு ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. பத்தொன்பது வயதில் சிவப்பிரகாசத்துக்குக் கழுத்தை நீட்டினாள். ஏரிப் பாசனத்தில் மூன்று காணி நிலம், ஓட்டு வீடு, ஒரே பிள்ளை, கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை என்று தரகன் சத்தியம் செய்தான். அவனும் போட்டுக்கொண்டுதான் அந்தச் சத்தியத்தைச் செய்திருப்பான். சிவப்பிரகாசம் சாராயக்கடையில் கிடந்தது போக மிச்ச நேரத்தில்தான் புருஷனாக இருந்தான். அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது அவன் சொன்ன பொய். வேட்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கமாக நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

"உம்மேல சத்தியமா ஒரு சொட்டு தொடலடி தையலு."

"எம்மேலயா? நான் செத்தா உனக்குச் சௌகரியமா பூடும்னு பாக்கறியா?"

உடனே பிள்ளை தலையில் கை வைப்பான். தூங்குகிற குழந்தை அந்த நாற்றத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஈரல் கெட்டு, கண் மஞ்சளாகி, வயிறு பானையாக ஊதி அவன் செத்தபோதும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, "நான் அவ்ளோவா குடிச்சேன்?" என்றுதான் கேட்டான். பிள்ளை புகழ்வேந்தனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. தையலம்மாள் ஊர் பார்க்க எவ்வளவு அழ வேண்டுமோ அவ்வளவு அழுதாள். பதினாறாம் நாள் முடிந்ததும் முந்தானையைச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினாள். நெல்லும் கரும்புமாக மூன்று காணியையும் ஒரு ஆம்பளை துணையில்லாமல் ஆண்டாள். அதைப் பற்றி அவளை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்ல முடியாது.

அந்த வாழ்க்கையிலிருந்து அவள் ஒரு பாடம் படித்தாள். குடிக்கிறவன், குடிக்கவில்லை என்றுதான் சொல்வான். நல்ல பாடம்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் அதைத் திருப்பிப் போட்டும் படித்துவிட்டாள். குடிக்கவில்லை என்று எவன் சொல்கிறானோ அவன் குடிக்கிறான். இந்தப் புத்திசாலித்தனத்துக்கு முன்னால் எந்தப் பிள்ளை தப்பிக்க முடியும்?

புகழ்வேந்தனுக்குப் பதினேழு வயதில் முதல் வலி வந்தது. மாமன் வீட்டுக் காதுகுத்தில் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு வந்தான். வந்த கொஞ்ச நேரத்தில் மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டான். ஆணியை வைத்து முதுகு வரைக்கும் அடித்து இறக்கியது போன்ற வலி. மல்லாந்து படுக்க முடியவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் ஆறியது. அப்புறம் வாந்தி. தையலம்மாளின் புத்தி எங்கே போகும்? பந்தலுக்குப் பின்னால்தான் போனது.

"குடிச்சியாடா?"

"இல்லம்மா."

"ஊது."

ஊதினான். கறிக்குழம்பு வாடைதான் வந்தது. பாக்கு போட்டு மறைத்திருக்கிறான் என்று முடிவு கட்டினாள்.

கூட்டுரோட்டில் ஒரு டாக்டர் இருந்தார். அவர் பையன் வயிற்றில் ஒரு விரலை வைத்து அழுத்தினார். பையனிடம் ஒன்றும் கேட்கவில்லை. தாயைப் பார்த்து, "சரக்கு பழக்கம் உண்டா?" என்றார். பதினேழு வயதுப் பிள்ளையைப் பற்றி! படித்தவரே கேட்டுவிட்டார், அப்புறம் என்ன? தையலம்மாள் வாங்கி வந்த கேஸ் மாத்திரையோடு அந்தக் கேள்வியும் வீட்டுக்கு வந்து குடியேறிக்கொண்டது.

அதற்குப் பிறகு வருஷத்தில் நான்கைந்து தடவை வலி வந்தது. எப்போது வந்தது என்றுதான் அவள் பார்த்தாள். கருமாதிக்குப் போய் வந்தால் வந்தது, திருவிழா முடிந்தால் வந்தது, கூட்டாளி கல்யாணத்துக்குப் போய் வந்தால் வந்தது. விருந்து என்றால் பாட்டில். பாட்டில் என்றால் வலி. கணக்கு சுத்தமாக இருந்தது. விருந்தில் பாட்டிலைத் தவிரக் கறிச்சோறும் இருந்தது என்பது அந்த மகாராணிக்குத் தோன்றவே இல்லை. பிள்ளை டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டு, சொந்தமாக ஒன்று வாங்கி ஊருக்கெல்லாம் உழுதான். உழைத்த உடம்பு ஏற வேண்டும். இவன் உடம்போ சோளக்கொல்லை பொம்மையாக இளைத்துக்கொண்டே போனது.

பக்கத்து வீட்டு அமுதம் மட்டும்தான் தையலம்மாளிடம் வாயைக் கொடுப்பாள்.

"ஏன்க்கா, புள்ள இப்புடி வத்திப் போவுதே, பெரிய ஆஸ்பத்திரில ஒருவாட்டி காட்டக் கூடாதா?"

"கொடலு வெந்தா உடம்பு வத்தாம ஊதுமா?"

"அவன் குடிச்சி நான் பாத்ததில்லக்கா."

"நானுந்தான் அவங்க அப்பன் குடிச்சிப் பாத்ததில்ல. குடிச்சிட்டு வந்துதான் பாத்திருக்கேன். வெதை ஒண்ணு போட்டா சொரை ஒண்ணா மொளைக்கும்?"

மூக்கு சுருங்கியது. அமுதம் எழுந்து போய்விட்டாள்.

ஊருக்கு மேற்கே ஒரு ஐயனார் கோயில். அமாவாசைக்கு அமாவாசை அங்கே குடிகாரர்களைப் பெண்டாட்டியும் தாயுமாக இழுத்து வருவார்கள். பூசாரி மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டி, இனிமேல் தொடுவதில்லை என்று சத்தியம் வாங்குவார். மீறினால் ஐயனார் குடலை உருவிவிடுவார் என்று ஐதீகம். உருவத் தொடங்கினால் ஐயனாருக்கு வேறு வேலைக்கே நேரம் இருக்காது. புகழ்வேந்தனை அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினாள் தாய். முன்னால் ஒருவன் நின்றபடியே தூங்கினான். பின்னால் ஒருவன் காலையிலேயே போட்டுவிட்டு வந்திருந்தான்.

"இனிமே தொட மாட்டேன்னு சொல்லுப்பா" என்றார் பூசாரி.

"இதுவரைக்கும் தொட்டதில்ல. இனிமேலும் தொட மாட்டேன்."

வரிசை முழுக்கச் சிரித்தது. தூங்கியவன்கூட விழித்துக்கொண்டு, "நாங்களும் அப்புடித்தாம்பா!" என்றான். பூசாரியும் சிரித்துவிட்டுக் கயிற்றைக் கட்டினார். புகழ்வேந்தன் தாயைத் திரும்பிப் பார்த்தான். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். சாமி சன்னதியிலேயே வாய் கூசாமல் பொய் சொல்கிறானே, அப்பனாவது சாமிக்குப் பயந்தான் என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது. அடுத்த மாதம் ஒரு விருந்துக்குப் பிறகு வலி திரும்ப வந்தபோது, சாமியையே ஏமாற்றியவன் என்ற பட்டமும் அவனுக்குக் கிடைத்தது.

அதைவிடப் பெரிய கூத்து நிச்சயதார்த்தத்தில் நடந்தது. வில்லியனூர் பக்கத்துப் பெண், மகாலட்சுமி என்று பெயர். நர்சரிப் பள்ளியில் டீச்சர். பையனைப் பார்த்ததும் அவளுக்குப் பிடித்துவிட்டது, பையனுக்கும் பிடித்துவிட்டது. தாம்பூலத் தட்டு மாற்றுகிற நேரம். தையலம்மாள் எழுந்து நின்றாள்.

"தட்ட மாத்தறதுக்கு மின்னாடி ஒண்ணு சொல்லிடறேன். எம்புள்ள குடிப்பான். நான் ஏமாந்தா மாதிரி உங்க பொண்ணும் ஏமாறக் கூடாது. அப்புறம் சொல்லலன்னு எம்மேல பழி போடாதீங்க."

தட்டு மாறவில்லை. பெண் வீட்டார் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். உங்களைப் போல ஒரு தாயைப் பார்த்ததில்லை என்று பெண்ணின் அப்பா சொன்னார். உண்மைதான், இப்படி ஒரு தாயை எவன் பார்த்திருப்பான்! தையலம்மாள் தலை நிமிர்ந்து வீட்டுக்கு வந்தாள். இந்த ஊரில் உண்மை பேசுகிற ஒரே ஜீவன் தான்தான் என்ற நினைப்பு ஒரு வாரத்துக்கு அவளை நடக்க விடாமல் மிதக்க வைத்தது. அதற்குப் பெயரும் போதைதான், ஆனால் அதற்கு யாரும் கயிறு கட்டுவதில்லை. புகழ்வேந்தன் அன்றைக்கு டிராக்டர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தான். ஏனென்று அவள் கேட்கவில்லை.

கயிற்றுக்கும் மசியாதவனை என்ன செய்வது? வில்லியனூர் போகிற வழியெல்லாம் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ் அவள் கண்ணில் பட்டது. குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம், உணவில் கலந்து கொடுத்தால் போதும். கடை என்று ஒரு சந்தில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் ருத்ராட்சம் போட்ட ஒரு ஆள். அவன் நகத்தில் அழுக்கு. தையலம்மாள் அவனைப் பார்த்தும் மூக்கைச் சுருக்கத்தான் செய்தாள். ஆனாலும் உட்கார்ந்தாள்.

"சுத்த மூலிகைம்மா. வாடை கெடையாது, ருசி கெடையாது. சாம்பார்ல, கொழம்புல போட்டுக் குடுங்க. குடிச்சிருந்தான்னா வாந்தி எடுப்பான். குடிக்கலன்னா பச்சத் தண்ணி மாதிரி, ஒண்ணும் பண்ணாது."

வாங்கி வந்தாள். ஒரு ஸ்பூன் சாம்பாரில் போட்டாள். அந்த வாரமே பிள்ளை வாந்தி எடுத்தான். குடித்திருந்தால் வாந்தி எடுப்பான் என்று ருத்ராட்சக்காரன் சொன்னானா, சொன்னான். பிள்ளை வாந்தி எடுத்தானா, எடுத்தான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? வாழ்நாளெல்லாம் பொய்யைக் கண்டால் சீறியவள், பொய் ஒன்றைத் தினமும் தாளித்து, கொத்தமல்லி தூவி, பெற்ற பிள்ளைக்குப் பரிமாறினாள். இரண்டு வருஷம்.

இந்த வருஷம் கரும்பு வெட்டு நேரத்தில் புகழ்வேந்தன் டிராக்டரிலிருந்து சரிந்து விழுந்தான். வெட்டு ஆட்கள் தூக்கி ஆட்டோவில் போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தையலம்மாள் பின்னாலேயே பஸ்ஸில் போனாள். வார்டில் டாக்டர் சுவேதா என்று ஒரு சின்ன வயசுப் பெண், கழுத்தில் குழாயோடு கட்டிலருகே நின்று அவனிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். எத்தனை வருஷமாக வலி, மலம் எண்ணெய் போல மிதக்கிறதா, எடை எவ்வளவு குறைந்தது என்று கேட்டுக்கொண்டே வந்து, "குடிக்கிற பழக்கம் இருக்கா?" என்றாள்.

"இருக்குது" என்றாள் வாசலிலிருந்தே தையலம்மாள்.

"நான் அவரைக் கேக்கறேன்ம்மா."

"அவன் இல்லன்னுதான் சொல்லுவான். அவங்க அப்பனும் சாவற வரைக்கும் இல்லன்னுதான் சொன்னான்."

"இல்ல டாக்டர்" என்றான் புகழ்வேந்தன், கண்ணைத் திறக்காமலே.

"பாத்தீங்களா?" என்றாள் தாய்.

ஸ்கேன் எடுத்தார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டு, குழாய் முனையிலேயே ஸ்கேன் வைத்து, இரைப்பைக்குப் பின்னால் கிடக்கிற கணையத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். டாக்டர் படத்தைக் காட்டினாள். கணையத்தின் குழாய்க்குள் வெள்ளை வெள்ளையாகக் கல். சோறு செரிப்பதற்கான நீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்று, அந்த உறுப்பையே அரித்துக்கொண்டிருக்கிறதாம். சர்க்கரையும் ஏறத் தொடங்கிவிட்டதாம். தையலம்மாள் படத்தைப் பார்த்தாள். கிட்னிக் கல் கேள்விப்பட்டிருக்கிறாள். கணையத்தில் கல் என்பது டாக்டர்மார்கள் பில் போடக் கண்டுபிடித்த புதுச் சரக்காகத்தான் இருக்கும் என்று நினைத்தாள்.

"குடிச்சாத்தான இது வரும்?"

"குடிச்சாலும் வரும். குடிக்காமலும் வரும்."

"அது எப்புடி? குடிச்சத கண்டுபுடிக்க உங்ககிட்ட ஒரு டெஸ்ட்டு கெடையாதா? இவ்ளோ மிசினு வச்சிகினு கீறீங்க."

"இருக்கு" என்றாள் டாக்டர். "குடிச்சிருந்தா ரத்தத்துல ஒரு அடையாளம் மூணு நாலு வாரம் வரைக்கும் நிக்கும். இப்ப நாங்க ஒரு ஆராய்ச்சி பண்றோம். இந்த வியாதி எதனால வந்ததுன்னு பிரிச்சிப் பாக்க அந்த டெஸ்ட்டும் எடுக்கறோம். அவர் சம்மதிச்சாத்தான் எடுப்போம்."

தையலம்மாளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஒரு வழியாக மாட்டினான்! புகழ்வேந்தன் கையை நீட்டினான். மூன்று நாள் முன்னால்தான் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்திருந்தான் என்று அவளுக்குத் தெரியும். பக்கத்துக் கட்டில்காரனின் பெண்டாட்டியிடம், "ரிசல்ட்டு வரட்டும், அப்பத் தெரியும் இவன் யோக்கிதை" என்று சொல்லி வைத்தாள். பெற்ற பிள்ளை குடிகாரன் என்று எழுத்தில் வர வேண்டுமென்று பிரார்த்தித்த தாயை ஐயனாரே பார்த்திருக்க மாட்டார்.

ரிசல்ட் வந்தது. ஒன்றும் இல்லை. ஒரு துளிகூட இல்லை.

"இவர் குடிக்கிறவர் இல்லம்மா" என்றாள் டாக்டர் சுவேதா. "நம்ம தென்னாட்டுல சின்ன வயசுலயே இந்த மாதிரி கணையத்துல கல்லு கட்டறது உண்டு. குடிக்காதவங்களுக்கும் வரும், பொம்பளைங்களுக்கும் வரும். பிறப்புலயே ஒரு ஜீன் கோளாறு, அது கூட நிறையப் பேருக்குக் காரணமா இருக்கு. அப்பா வழியாவும் வந்திருக்கலாம், உங்க வழியாவும் வந்திருக்கலாம். முன்னெல்லாம் கணைய வியாதின்னா குடிகாரன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. இப்பத்தான் பிரிச்சிப் பாக்கறோம்."

"எங்க வம்சத்துல அப்புடி ஒண்ணும் கெடையாது" என்றாள் தையலம்மாள். அவள் காதில் விழுந்தது 'உங்க வழியாவும்' என்பது ஒன்றுதான்.

டாக்டர் வைத்தியத்தைச் சொன்னாள். வெளியிலிருந்தே அதிர்வலை கொடுத்துக் கல்லைப் பொடியாக்குவார்கள். அப்புறம் குழாய் விட்டு அதை வெளியே எடுப்பார்கள். அதுவரைக்கும் கொழுப்பு குறைத்துச் சாப்பிட வேண்டும். ஒவ்வொரு வேளையும் முதல் வாய் சோற்றோடு ஒரு கேப்சூல் விழுங்க வேண்டும், கணையம் சுரக்காததை அந்த கேப்சூல் செய்யும்.

"அது பன்றியோட கணையத்துலேர்ந்து எடுக்கறது. சில பேர் வேணாம்பாங்க, அதனால முன்னாடியே சொல்லிடறேன்."

"பன்னியா? அடப் பாவமே, இவனுக்குப் பொருத்தமாத்தான் கண்டுபுடிச்சிருக்கீங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. புகழ்வேந்தன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கல் உடைக்கத் தேதி கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இனிமேலாவது அந்தப் பொடி டப்பாவைத் தூக்கிச் சாக்கடையில் போட்டிருக்க வேண்டும் இல்லையா? மனுஷ ஜாதியில் பிறந்த யாரும் போட்டிருப்பார்கள். தையலம்மாள் டப்பாவைக் கையில் எடுத்தாள். மூன்று நாலு வாரத்துக் குடிதானே டெஸ்டில் தெரியும்? அதற்கு முன்னால் குடித்தது? ஒருவேளை இந்தப் பொடியைத் தின்றுதான் இப்போது நிறுத்தியிருக்கிறானோ என்னவோ? அப்படியானால் பொடியை நிறுத்தலாமா? இத்தனை வருஷம் தான் தப்பாகப் பேசியிருக்கிறோம் என்று ஒப்புக்கொள்வதைவிட அவளுக்கு இது சுலபமாக இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அரை ஸ்பூன் போட்டாள். கேப்சூலை முதல் வாயோடு விழுங்கச் சொல்லி, அந்த முதல் வாய் சாம்பார் சாதத்தைத் தானே பிசைந்து வைத்தாள்.

கல் உடைக்கிற தேதிக்குப் போனபோது புகழ்வேந்தன் கண் மஞ்சளாக இருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் சுவேதா முகம் மாறிவிட்டது.

"ஈரல் கெட்டிருக்கு. போன தடவையே கொஞ்சம் ஏறித்தான் இருந்துச்சி, கல்லு குழாயை நெருக்கறதனாலன்னு நெனச்சோம். ஸ்கேன்ல அப்படித் தெரியல. நாட்டு மருந்து, லேகியம், பொடி ஏதாச்சும் சாப்பிடறீங்களா?"

புகழ்வேந்தன் தாயைப் பார்த்தான்.

"நீங்க சொல்லுங்கம்மா. வீட்டுல ஏதாச்சும் குடுக்கறீங்களா?"

"நான் இன்னாத்தக் குடுக்கப் போறேன்? சோறுதான் குடுக்கறேன்."

"எது உள்ள போவுதுன்னு தெரியாம நான் மயக்க மருந்து குடுக்க முடியாது. கல்லையும் உடைக்க முடியாது. இந்த ஈரல் இன்னும் கெட்டா உசுருக்கே ஆபத்து. நல்லா யோசிச்சிச் சொல்லுங்க."

"நான் ஒண்ணும் குடுக்கல. சத்தியமா."

பக்கத்தில் நின்ற நர்ஸ் ஊசிக் குப்பியை மூடிக்கொண்டே, "எல்லாரும் இப்படித்தான் சத்தியம் பண்றாங்க" என்றாள், யாரையும் பார்க்காமல். அவள் மூக்கும் ஒரு பக்கமாகச் சுருங்கியதைத் தையலம்மாள் பார்த்தாள். அவளிடம் அப்படி மூக்கைச் சுருக்க இதுவரை ஒருத்திக்கும் தைரியம் வந்ததில்லை.

கல் உடைப்பதைத் தள்ளிப் போட்டார்கள். வார்டிலேயே படுக்க வைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். தையலம்மாள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தாள். டாக்டர் காறித் துப்புவாள். நர்ஸ் வார்டு முழுக்கச் சொல்லுவாள். அமுதத்துக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும். பெத்த பிள்ளைக்கு வெஷம் வெச்சவ என்பார்கள். கோயிலில் நிற்க முடியாது, கரும்பு மேஸ்திரிகூடச் சிரிப்பான். இத்தனையும் யோசித்தாள். பிள்ளை செத்தால் என்ன ஆகும் என்பது கடைசியாகத்தான் வந்தது. அது கடைசியாக வந்தது என்பதை அவளே கவனித்தாள்.

உள்ளே எட்டிப் பார்த்தாள். புகழ்வேந்தன் முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். கண்ணில் அதே மஞ்சள். இதே நிறத்தில் இன்னொரு கண்ணை அவள் மாதக் கணக்கில் பார்த்திருக்கிறாள். அந்தக் கண்ணுக்கு உரியவன் தானே ஊற்றிக் குடித்துக் கெட்டான். இவனுக்கு ஊற்றியது யார்?

எழுந்து உள்ளே போனாள். ரவுண்ட்ஸில் நான்கைந்து டாக்டர்கள் நின்றிருந்தார்கள். யாரும் கேட்காமலே, வார்டு முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள். அவளுக்கு வேறு குரல் கிடையாது.

"பொடி குடுத்தேன். குடிய நிறுத்தற பொடி. வில்லியனூர்ல வாங்கனேன். ரெண்டு வருசமா சாம்பார்ல போட்டுக் குடுத்தேன். ஆஸ்பத்திரிலேர்ந்து போன பொறவும் குடுத்தேன். எம்புள்ள குடிக்கறவன் இல்ல. நான்தான்... நான்தான் பாவி."

டாக்டர் சுவேதா துப்பவில்லை, திட்டவுமில்லை. "டப்பா இருக்கா? இன்னிக்கே கொண்டுவரச் சொல்லுங்க" என்றாள். "அதுல என்னென்ன போட்டிருக்கான்னு வித்தவனுக்கே தெரியாது. நிறுத்திட்டா ஈரல் தேற வாய்ப்பு இருக்கு. தேறினப்புறம் கல்லை உடைக்கலாம்." எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது தையலம்மாளுக்கு.

கட்டில் ஓரத்தில் நின்றாள். பிள்ளையின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் அவன் காலைப் பார்த்துக்கொண்டு, "டேய், என்னத் திட்டுடா. எதுனா சொல்லுடா" என்றாள்.

"எனக்குத் தெரியும்மா" என்றான் புகழ்வேந்தன்.

"இன்னா தெரியும்?"

"நீ பொடி போடறது. போட ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே தெரியும். சாம்பாரு அடில ஒரு கசப்பு நிக்கும். அரிசிப் பானைக்குப் பின்னாடி டப்பாவப் பாத்தேன். மேல எழுதியிருந்ததையும் படிச்சேன்."

"தெரிஞ்சிகினேவா துன்ன? ஏன்டா? தட்டத் தூக்கி என் மூஞ்சில அடிக்கறதுதான?"

"அடிச்சிருந்தா நீ இன்னா சொல்லியிருப்ப?"

என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்குத் தெரியும். வார்த்தை மாறாமல் தெரியும். குடிக்கறதனாலதான் பொடிக்குப் பயப்படறான் என்று சொல்லியிருப்பாள். அமுதத்திடமும் சொல்லியிருப்பாள்.

"குடிக்காதவனுக்கு அது ஒண்ணும் பண்ணாதுன்னு டப்பால போட்டிருந்திச்சி" என்றான் அவன். "சரி, துன்னுகினே இருப்போம், இன்னிக்கி இல்லாட்டி நாளைக்காவது நீ நம்புவன்னு பாத்தேன்."

டீ டப்பாவும் இட்லித் தட்டுமாக வார்டுக்குள் சாப்பாட்டு வண்டி வந்தது. தையலம்மாள் அவசரமாகத் தட்டை வாங்கினாள். கேப்சூலை எடுத்து ஓரத்தில் வைத்து, இட்லியைப் பிய்த்து முதல் வாயை அவன் உதட்டருகே கொண்டுபோனாள். புகழ்வேந்தன் அவள் கையைப் பிடித்து, கோபமில்லாமல், மெதுவாக விலக்கினான்.

"வெச்சிட்டுப் போம்மா. நானே துன்னுக்கறேன்."